பச்சைக் கோடு

1996இல் நான் வேலை பார்த்த பெற்றோல் ஷெட் தென்லண்டனில் இருந்தது. இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு யன்னலால் வியாபாரம் செய்வோம். காசு ஒரு தட்டில் உள்ளே வரும், சிகரெட் அதே தட்டில் வெளியே போகும். மணித்தியாலத்துக்கு மூன்று பவுண். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1999 ஏப்ரலில்தான் வந்தது, அதுவரை முதலாளி வாயில் வந்ததுதான் சட்டம். விடியப்புறம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் ஈ காக்கை வராது. அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் பிரித்தானியாவை அடியிலிருந்து நுனிவரை சைக்கிளில் கடக்கிற திட்டத்தைப் போட்டோம்.

யோசனை ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. ஐந்து மணிக்குப் பேப்பர் வாங்க வருவார். பெற்றோல் ஷெட்டுக்குச் சைக்கிளில் வருகிற எங்கள் ஒரே வாடிக்கையாளர் அவர்தான். கோர்ன்வாலின் மூலையில் இருக்கிற லாண்ட்ஸ் எண்டிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு முனையில் இருக்கிற ஜோன் ஓ'குரோட்ஸ் வரை இளவயதில் ஓடியவராம். தெருக் கணக்கு 874 மைல் என்று எல்லோரும் சொல்வார்களாம். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும், ஆனபடியால் கீழிருந்து மேலே போ என்றார்.

"எதற்கு?" என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தான் வேறென்ன கேட்பான்? எங்கள் ஊரில் சைக்கிளில் விறகு போகும், மண்ணெண்ணெய்க் கான் போகும், பாரில் மனைவியும் கரியரில் பிள்ளையும் போவார்கள். பெற்றோலுக்குத் தடை வந்த தொண்ணூறுகளில் அதுவே லொறி, அதுவே அம்புலன்ஸ். மின்சாரம் இல்லாத இரவுகளில் அதைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ பூட்டிச் செய்தி கேட்டோம். சும்மா 874 மைல் ஓடுவதற்கும் அது உதவும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கிழவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அங்கே இருக்கிறதே" என்றார். பேப்பருக்குச் சில்லறையைத் தட்டில் போட்டார்.

என்னோடு இரவு வேலை பார்த்தவன் என் மச்சான். அவனுக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் அவன் முதலில் வாயைத் திறந்தபடியால் குற்றம் அவன் கணக்கில் இருக்கிறது. கடையில் விற்பனைக்கு வைத்திருந்த ரோட் அற்லஸ் ஒன்றை எடுத்து, விலைச் சீட்டு கழன்றுவிடாமல், முதுகு மடியாமல், இரவிரவாகப் பார்ப்போம். காலையில் திரும்பத் தட்டில் வைத்துவிடுவோம். நாலு மாதம் பார்த்த பிறகும் அதை யாரோ புதுப் புத்தகம் என்று வாங்கிப் போனார்.

அந்த அற்லஸில் மோட்டர்வே நீலம், பெரிய ஏ ரோட்டுகள் பச்சை, மற்ற ஏ ரோட்டுகள் சிவப்பு, பி ரோட்டுகள் மஞ்சள். இது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

"மச்சான், பச்சை ரோட்டால போவம். பச்சையெண்டா வயல்வெளிப் பக்கமாத்தான் இருக்கும்" என்றான்.

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆகவே கோர்ன்வால் முழுவதையும் ஏ30 என்கிற பச்சைக் கோட்டால் கடப்பதாக முடிவாயிற்று. அதன் இரு கரையிலும் வயல்வெளி இருந்தது உண்மை. நடுவில் லொறி இருந்தது.

தூரம் அளக்கச் சட்டைப் பொத்தான் தைக்கிற நூல். நூலை எச்சிலில் நனைத்து ரோட்டு வளைகிற மாதிரியெல்லாம் வளைத்து வைத்து, பக்கம் முடிகிற இடத்தில் நூலில் மார்க்கரால் புள்ளி போட்டு, அடுத்த பக்கத்தில் தொடர வேண்டும். வாடிக்கையாளர் யன்னலில் தட்டினால் நூல் நழுவிவிடும், திரும்பவும் எக்ஸெற்றரிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மூன்று மைல். கடைசியில் இருபத்துமூன்று அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது, 830 மைல் என்று எழுதினோம். உலகம் சொல்வது 874. நாங்கள் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று மச்சான் சந்தோஷப்பட்டான்.

பொது நூலகத்திலும் போய்ப் பார்த்தோம். அங்கே ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் இளஞ்சிவப்பு மட்டை வரைபடங்கள் இருந்தன. நாடு முழுவதற்கும் 204 தாள், ஒவ்வொன்றும் நாற்பது கிலோமீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர். லாண்ட்ஸ் எண்ட் 203ஆம் தாளில், ஜோன் ஓ'குரோட்ஸ் 12ஆம் தாளில். நடுவில் வேண்டியவற்றை எல்லாம் வாங்குவதென்றால் பெற்றோல் ஷெட்டையே விற்க வேண்டும். நல்ல வரைபடம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன். கோவிலுக்குக் கோபுரம் இருக்கிறதா இல்லையா என்பதுவரை குறி போட்டிருந்தார்கள். சில ரோட்டுகளில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் இருந்தன, சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் இரண்டு சேர்ந்து. ஒருவழிப் பாதை என்று நினைத்தோம். இரண்டு அம்பு என்றால் கட்டாயம் ஒருவழிப் பாதை.

ஓர் அம்பு என்றால் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரையான சரிவு. இரண்டு அம்பு என்றால் அதைவிடச் செங்குத்து. அம்பு இறக்கத்தைப் பார்த்து நிற்கும். இதை டெவனில் ஒரு மேட்டின் நடுவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, எதிரே இறங்கி வந்த ஒரு அம்மாள் விளக்கினார்.

வழியை எழுதிக்கொள்ளக் கடைப் பில் சுருள் ஒன்றை எடுத்தோம். அதுமட்டும் களவு என்று ஒத்துக்கொள்கிறேன். இரண்டு விரல் அகலம், ஒரு திருப்பத்துக்கு ஒரு வரி. 'செப்ஸ்டோ தாண்டி வலது. ஆற்றங்கரை. மொன்மத்.' 'ஹெரிபோர்ட், நேரே. லட்லோ, நேரே.' இப்படியே ஜோன் ஓ'குரோட்ஸ் இருக்கிற கேத்னஸ் வரை. பிறகு கழித்த சான்ட்விச் பெட்டி ஒன்றில் இரண்டு பென்சிலைக் குறுக்காகக் குத்தி, சுருளை ஒன்றில் மாட்டி, நுனியை மற்றதில் சுற்றி, ஹாண்டிலில் இன்சுலேஷன் ரேப்பால் கட்டினோம். போகப் போகப் பென்சிலைத் திருப்ப வேண்டும், அடுத்த வரி மேலே வரும். இன்றைக்கு நானூறு பவுண் கொடுத்து வாங்குகிற சைக்கிள் நவிகேற்றர் செய்வதும் இதுதான். எங்களுடையதற்குப் பற்றரி தேவையில்லை.

சைக்கிள் சுற்றுலாக்காரருக்கென்று 1878இலிருந்தே ஒரு கழகம் இருக்கிறது, எழுதிக் கேட்டால் பாதைத்தாள் அனுப்புவார்கள் என்று கிழவர் சொல்லியிருந்தார். எழுதப் பிந்தியது எங்கள் பிழை. பதில் வீட்டு வாசலில் விழுந்தபோது நாங்கள் சொமர்செற்றில் நின்றோம்.

புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் அம்மா ஃபோன் எடுத்தா. வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு அவ எடுத்த முதல் ஃபோன்.

"சைக்கிளிலயோ போறாய்? உனக்கு அங்க கார் வாங்க வசதியில்லையோ?"

விளையாட்டுக்கு என்றேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், போருக்குப் பயந்து ஊர் முழுவதும் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே ரோட்டில் இறங்கியபோது, அப்பாவின் றலி சைக்கிளில் இரண்டு சூட்கேசும் ஒரு மூட்டை அரிசியும் கட்டி, அம்மா பின்னால் பிடிக்க, அப்பா தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். சில மைல் போக விடிந்துவிட்டது. அந்தப் பயணத்துக்கு ஒருவரும் நூல் வைத்து அளக்கவில்லை. "கவனமாப் போ. சாமான் கனக்கக் கட்டாதை" என்று மட்டும் அம்மா சொன்னா. எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அப்பாவின் றலி நொட்டிங்ஹாமில் செய்தது. நொட்டிங்ஹாம் இருக்கிற நாட்டில் நான் ஓடியது தாய்வானில் செய்தது.

ஓடிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டம் திட்டத்தின்படி நடக்கவில்லை. ஸ்கொட்லாந்து மலைநாடு, ஆகவே அங்கேதான் கால் முறியும் என்று நினைத்திருந்தோம். முறிந்தது கோர்ன்வாலிலும் டெவனிலும். அங்கே மலை என்று ஒன்றும் இல்லை. இருநூறு அடி இறக்கம், ஒரு சின்ன ஆறு, இருநூறு அடி ஏற்றம், ஒரு மாட்டுப்பட்டி, திரும்ப இறக்கம். நாள் முழுக்க இதே. நூலுக்கு இது தெரியாது, நூல் தட்டையான தாளில் படுத்துக் கிடந்தது. ஸ்கொட்லாந்திலோ ரோட்டு பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை ஏரிக்கரையாகப் போகிறது, மலைகள் இரண்டு பக்கமும் விலகி நிற்கின்றன.

பொட்மின் மூர் வெளியில் இரண்டாம் நாள் மழை. சான்ட்விச் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. விலை எழுதுகிற மார்க்கரால் எழுதியிருந்தோம், அது தண்ணீர் மை. ஓக்ஹாம்டன் முதல் லங்காஸ்டர் வரை நீலக் கூழ். மச்சான் பென்சிலைத் திருப்பிப் பார்த்தான், இங்கிலாந்து கையோடு வந்தது.

அதற்குப் பிறகு வாய்தான் வழி. அதிலும் ஒரு வில்லங்கம். அந்த ஜூன் 5ஆம் திகதிதான் சேவேர்ன் ஆற்றுக்கு மேல் இரண்டாவது பாலத்தை இளவரசர் சார்ள்ஸ் திறந்து வைத்திருந்தார், அந்தப் பேப்பர்களை நானே விற்றேன். ஆகவே புதுப் பாலத்தால்தான் வேல்ஸுக்குள் போவது என்று இருந்தோம். புதுப் பாலம் மோட்டர்வே, சைக்கிளுக்கு இடமில்லை. 1966இல் திறந்த பழைய பாலத்தின் ஓரத்தில் சைக்கிளுக்கென்றே பாதை போட்டிருந்தார்கள், காசும் வாங்கவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தியவர்கள் எங்களை நினைத்திருக்கிறார்கள், இப்போதையவர்கள் மறந்துவிட்டார்கள். அந்தப் பாலத்தின் நடுவில், காற்று இழுக்க, கீழே மண்நிறத் தண்ணீர் ஓட, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இதைச் சத்தமாகத் திட்டினோம்.

பதினேழு நாள். சைக்கிளில் பூட்டியிருந்த மைல்மானி 961 காட்டியது. நூல் 131 மைல் பொய் சொல்லியிருந்தது.

இந்தக் கதையை வீட்டில் நான் சொல்லாத நத்தார் இல்லை. போன நத்தாரில் மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, நாங்களும் போவமா?" என்றாள். அவளுக்கு இருபத்துநாலு வயது. எனக்கு அன்றைய வயதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

ஃபோனில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டாள். சக்கரம் ஒன்று சுழன்றது. நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கி முடிக்கவில்லை, ஊதா நிறத்தில் ஒரு கோடு தீவை அடியிலிருந்து நுனிவரை கிழித்துக்கொண்டு நின்றது. 1,600 கிலோமீற்றர், மொத்த ஏற்றம் 15,000 மீற்றருக்கு மேல். எங்கள் நாலு மாதம், இருபத்துமூன்று அடி நூல், முதலாளியின் ஒரு பில் சுருள்.

"எவரெஸ்ட் மாதிரி ஒண்டே முக்கால் மடங்கு" என்றாள். மேடு என்றவுடன் எவரெஸ்டை இழுப்பது இந்தத் தலைமுறையின் பழக்கம். எவரெஸ்டில் ஏறுகிறவன் ஓக்ஹாம்டனைச் சொல்லிப் பார்த்ததுண்டா?

திட்டம் பத்து விநாடியில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு டிசம்பர் 26. இதை எழுதுகிறபோது மே மாதம். திட்டம் இன்னும் முடியவில்லை.

ஏனென்றால் இன்னொரு செயலியில் போட்டால் இன்னொரு கோடு. மூன்றாவது செயலி மூன்றாவது கோடு. ஒன்று நேரான ரோட்டை விரும்புகிறது, ஒன்று பழைய ரயில் பாதைகளில் காதல் கொண்டிருக்கிறது, ஒன்று மாட்டு வண்டிப் பாதையையும் பாதை என்கிறது. "இதில இருபத்திமூண்டு வீதம் கிறவல், அப்பா." பதினெட்டு வீதமாக்கினால் நாற்பது கிலோமீற்றர் கூடுகிறது. நாற்பதைக் குறைத்தால் ஏ ரோட்டில் லொறி. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளை இலக்கம் போட்ட தேசிய சைக்கிள் பாதைகள் நாங்கள் போன காலத்தில் பெரும்பாலும் தாளில்தான் இருந்தன. 3ஆம் பாதை லாண்ட்ஸ் எண்டிலிருந்து பிரிஸ்டல்வரை, 7ஆம் பாதை இன்வர்னஸ்வரை. சரி, அதையே பிடிப்போம் என்றேன். 2020இல் அந்த வலையமைப்பை நடத்துகிறவர்களே அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை, தரம் போதாது என்று, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தன் பிழையைத் தானே எண்ணிச் சொன்ன நிறுவனம் என்று எனக்கு அவர்களில் மரியாதை. மகள் அன்று இரவு பாதையை முதலிலிருந்து தொடங்கினாள்.

இந்தச் செயலிகளில் பல, 2004இல் லண்டனில் தொடங்கி உலகமெல்லாம் தொண்டர்கள் சும்மா வரைந்து வரும் திறந்த வரைபடத்தில் ஓடுகின்றன. ஒரு நாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பிரியாவில் ஒரு ஒற்றைப் பாதை, அதன் குறுக்கே ஒரு கேற். அதைத் தொட்டால், சைக்கிளோடு போகலாம் என்று குறித்திருக்கிறது. யாரோ ஒருவர் மழையில் இறங்கி, அந்தக் கேற்றைத் திறந்து, சைக்கிளைக் கொண்டுபோய்ப் பார்த்து, திரும்ப மூடிவிட்டு வந்து எழுதியிருக்கிறார். ஐந்து மணிக்குப் பேப்பர் வாங்க வந்த கிழவரின் சாதிதான் அது.

எனக்குச் சங்கடம் வேறு. ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிற ஒரு படம் இருக்கிறது, பல்லுப் பல்லாக, வாள் மாதிரி. 1996இல் ஒரு மேடு வந்தால் அந்த ஒரு மேடுதான் வரும். இப்போது எல்லா மேடும் ஒரேநாளில் சாப்பாட்டு மேசையில் வந்து நிற்கின்றன. ஷாப் மேட்டை பெப்ரவரியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறேன். கேத்னஸில் பெரிடேல் என்று ஒரு பள்ளம், ரோட்டு கடல்மட்டம்வரை விழுந்து திரும்பச் செங்குத்தாக ஏறும். அங்கே அன்றைக்கு ஒரு கொண்டையூசி வளைவு இருந்தது, 2020இல் நிமிர்த்திவிட்டார்கள். ஏற்றத்தை நிமிர்த்தவில்லை, பத்துத் தரம் பார்த்துவிட்டேன்.

தெருவைப் படமாகக் காட்டுகிற வசதியில் மகள் ஒவ்வொரு சந்தியாகக் கூட்டிப்போனாள். நாங்கள் மழைக்கு ஒதுங்கிய பஸ் தரிப்பிடம் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் மச்சான் பத்துப் பென்ஸ் குற்றிகளைப் போட்டு வீட்டுக்குக் கதைத்த சிவப்பு ஃபோன் பெட்டியும் இருந்தது. உள்ளே ஃபோன் இல்லை, மாரடைப்புக்கு அதிர்ச்சி கொடுக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் பல ஊர்களில் பழைய பெட்டிகளுக்கு இப்போது அதுதான் வேலை. மகள் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டாள். "மாமாவுக்கு உதவும்" என்றாள்.

மாமா என்பது மச்சான். அவனும் வருகிறான். அவனுக்கு இப்போது சொந்தமாக இரண்டு பெற்றோல் ஷெட், ஒரு பொய் இடுப்பெலும்பு, ஒரு மின்சைக்கிள். சட்டப்படி 250 வாற் மோட்டர், மணிக்கு பதினைந்தரை மைலுக்கு மேல் அது உதவாது. "எனக்கு மேடு பிரச்சினையில்லை மச்சான். எனக்குப் பிளக்தான் பிரச்சினை" என்கிறான். ஆகவே பாதை இப்போது பிளக் இருக்கிற தேத்தண்ணிக் கடைகளைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. ஆயுள் முழுக்க ஊருக்குப் பெற்றோல் அடித்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை தேடவில்லை, சுவரில் ஓட்டை தேடுகிறான்.

படுக்கையும் அப்படித்தான். அன்றைக்கு ஆறு மணிக்கு எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊரில் கதவைத் தட்டினோம். இரண்டு ஈரமான கறுப்பர்களைக் கண்டு இரண்டு கதவு மூடியது, மூன்றாவது திறந்து அவித்த முட்டை தந்தது. இப்போது பதினாறு இரவும் பதிவாகிவிட்டது. ஆகவே எந்த நாளில் எத்தனை மைல் என்பதைக் காலோ காற்றோ முடிவு செய்வதில்லை, எங்கே கட்டில் கிடைத்ததோ அது முடிவு செய்கிறது. பென்சான்ஸ் போகிற ரயிலிலும் விக்கிலிருந்து திரும்புகிற ரயிலிலும் சைக்கிளுக்குச் சில இடங்கள்தான், முன்பதிவு வேண்டும். மூன்று சைக்கிளுக்கும் ஒரே நாளில் இடம் கிடைத்த அன்று மகள் துள்ளினாள். பல்கலைக்கழகம் கிடைத்த நாளில் அவள் அப்படித் துள்ளவில்லை.

1886இல் ஜி.பி. மில்ஸ் என்கிற பத்தொன்பது வயதுப் பெடியன், முன்சில்லுப் பெரிய பென்னி ஃபார்திங்கில் இதே முனைக்கு ஐந்து நாள் ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தான். 2018இல் மைக்கல் பிரோட்வித் 43 மணி 25 நிமிடத்தில் போனார். இவர்களைப் பற்றி மகள் எனக்கு வாசித்துக் காட்டியது ஒரு சனிக்கிழமை பின்னேரம், பாதையின் பதின்மூன்றாவது பிரதியை அழித்துவிட்டு இருந்தபோது.

பதினான்காவதுதான் கடைசி என்று கையடித்திருக்கிறோம். அதில் ஏ30 இல்லை, லொறி இல்லை, பதினேழு வீதம் கிறவல். பொட்மினில் ரயில் தண்டவாளம் கழற்றிய தட்டையான பாதை ஒன்றும் வருகிறது. நல்ல பாதை. அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் மச்சானின் இடுப்பு மிஞ்சியிருக்கும்.

கடைசியாக மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள், அதில்தான் இப்போது வீட்டில் சண்டை. ஜோன் ஓ'குரோட்ஸ் பிரித்தானியாப் பெருநிலத்தின் வடமுனையே கிடையாதாம். ஓர்க்னிக்குப் படகு விட்ட ஜான் டி குரோட் என்ற ஒல்லாந்துக்காரனின் பெயரில் இருக்கிற ஒரு கரையோரக் கிராமம், அவ்வளவுதான். உண்மையான வடமுனை அதற்கு மேற்கே இருக்கிற டனெற் ஹெட். இருபத்தெட்டு நத்தாராக நாங்கள் முனையைத் தொட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது பிழை. பாதையில் அதையும் சேர்க்க வேண்டும் என்று அவள் நிற்கிறாள். ஜோன் ஓ'குரோட்ஸிலிருந்து பதினைந்து மைலுக்குள்தான். மச்சானின் பற்றரி அங்கே போகும், திரும்பி வராது. டனெற் ஹெட்டில் ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. அதில் பிளக் இருக்கிறதா என்று யாருக்காவது தெரிந்தால் ஜூன் 7க்கு முன் சொல்லுங்கள்.